தலைப்பில்லாச் செலவு

செலவாளியை எனக்குப் பிடிக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்கு என்னிடம் இருபது ரூபாய் கேட்பவர் அவர். கேட்கும்போது நன்றாகச் சிரிப்பார். கஞ்சனையும் எப்படியோ பொறுத்துக்கொள்வேன். அவரிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த இருவரையும் பற்றி அல்ல. இன்னொரு இனம் இருக்கிறது. செலவு செய்வார், ஆனால் எழுதி முடிக்கும்வரை அந்தச் செலவு நடந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். சேமிக்க மாட்டார், ஆனால் எவ்வளவு சேமிக்கவில்லை என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்வார். வீட்டு பட்ஜெட்காரர் என்பது இந்த இனத்தின் பெயர்.

நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் டீயைக் குடித்து முடித்ததும் நாமெல்லாம் வாயைத் துடைப்போம்; அவர் போனை எடுப்பார். கொத்தமல்லிக் கட்டு விற்கும் கிழவியிடம் பில் கேட்பார். "ஒரு நூறு ரூபா இருக்கும்" என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் அவருக்கு உடம்பு கூசும். நூறா, தொண்ணூற்றெட்டா? வீட்டில் யாராவது தும்மினால் நமக்கு வாயில் 'நூறாயுசு' என்று வரும். அவருக்கு மனத்தில் 'மருத்துவம்' என்ற தலைப்பு வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது ஜாங்கிரியை வாங்கும்போதுகூட, வைத்த மொய்யில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற யோசனை அவர் புருவத்தில் தெரியும். இவ்வளவும் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "பணம் எங்க போகுதுன்னு தெரியணும்ல?" என்பார். தெரிந்து என்ன செய்தார்? அதைக் கேட்கக் கூடாது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டென்றாலும் திருப்பூரில் வளரும் ரகமே தனி. காரணம், இங்கே காற்றில் பஞ்சு பறக்கிற மாதிரி காஸ்டிங் என்கிற அடக்கவிலைக் கணக்கும் பறக்கிறது. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் எவ்வளவு, நிட்டிங் எவ்வளவு, சாயம் எவ்வளவு, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பாலிதீன் கவர், கவர்மேல் ஒட்டும் ஸ்டிக்கர், இதற்கெல்லாம் மேலே வேஸ்டேஜ் மூன்று சதவீதம் என்று ஒவ்வொன்றையும் பைசாவில் போட்டுக் கூட்டி, எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அனுப்ப வேண்டும். அவன் நாற்பது பைசா குறை என்பான். நூல்கண்டிலிருந்து பத்து, பட்டனிலிருந்து பத்து, தைக்கிறவள் கூலியிலிருந்து இருபது என்று பிடுங்கிக் குறைக்க வேண்டும். நாள் முழுக்க இப்படிக் குறைத்துவிட்டு ஒரு மனிதர் வீட்டுக்கு வருகிறார். எதிரில் சாம்பார் இருக்கிறது. அவர் என்ன செய்வார், பாவம்?

எங்கள் எதிர்வீட்டு காசிமாயன் அதைத்தான் செய்தார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிழைக்க வந்தவர். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். வேலம்பாளையத்தில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் லைன் வீடுகளில் குடியிருக்கிறோம். அவருக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங் பிரிவில் வேலை. மனைவி செல்லத்தாய் வேறொரு கம்பெனியில் செக்கிங். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள் ஜோதிகா. நல்ல குடும்பம். குடியில்லை, சீட்டில்லை, வெளியில் ஒரு கடன் இல்லை. காசிமாயனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கணக்கு எழுதுவது.

முதலில் அவர் செய்தது, பணம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆப் வாங்கியதுதான். இலவச ஆப் ஆயிரம் கிடக்கிறது. ஆனால் இலவசத்தில் எட்டுத் தலைப்புக்கு மேல் வைக்க முடியாதாம். ஆகவே வருடத்துக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டி, பதினான்கு தலைப்பு வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். அரிசி மளிகை, காய்கறி, பால், போக்குவரத்து, மருத்துவம், கல்வி, விசேஷம் என்று பதினான்கு கட்டங்கள். கட்டத்துக்குள் செலவு நின்றால் பச்சை. மீறினால் சிவப்பு. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் பணம் தாவக் கூடாது என்பது சட்டம். அந்த ஆப்புக்குக் கட்டிய பணத்தை எந்தக் கட்டத்தில் எழுதினார் தெரியுமா? கல்வியில். அந்த ஜூன் மாதம் ஜோதிகா காம்பஸ் பாக்ஸ் கேட்டபோது கல்விக் கட்டம் சிவப்பாக இருந்தது. குழந்தை ஜூலைவரை பக்கத்து பெஞ்சில் இரவல் வாங்கி வட்டம் போட்டது.

பதினான்கு தலைப்பில் இல்லாத தலைப்பு ஒன்று உண்டு. 'இதர'. அந்தச் சொல்லைக் கேட்டாலே காசிமாயனுக்கு ஆகாது. "இதரன்னு எழுதுறவன் திருடன்ணே. எதுக்கு செலவு பண்ணோம்னு தனக்கே சொல்லத் துப்பில்லாதவன்தான் இதரன்னு போடுவான்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். என் வீட்டுக் கணக்கில் முக்கால்வாசி இதரதான் என்பதால் நான் பதில் சொன்னதில்லை.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில் தக்காளி கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு என்று ஒரு நாள் கேள்விப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து கிலோ வாங்கி வந்தார். மிச்சம் நாற்பது ரூபாய். பெட்ரோல் நூற்றைம்பது ரூபாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கணக்கைக் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணே, தக்காளி காய்கறியில வருது. பெட்ரோலு போக்குவரத்துல வருது. போக்குவரத்துல இந்த மாசம் இருநூறு ரூவா சும்மா கெடந்துச்சு."

"மொத்தத்துல நூத்திப்பத்து ரூவா போச்சேப்பா?"

"மொத்தத்த யாருண்ணே பாக்குறது? ரெண்டு கட்டமும் பச்சை. பாருங்க." போனைக் காட்டினார். பச்சைதான். ஐந்து கிலோ தக்காளியில் இரண்டு கிலோ புதன்கிழமை அழுகியது. அதற்குக் கட்டம் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் ஆடிட்டிங். ஊரெல்லாம் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு பரோட்டாக் கடைக்கும் துணிக்கடைக்கும் போய்க்கொண்டிருக்க, இவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்லத்தாயை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். நடுவில் எட்டடி நடைபாதைதான் என்பதால் எங்கள் வீட்டில் டிவி தேவைப்படுவதில்லை.

"தேங்காய் ரெண்டு எதுக்கு?"

"சட்னிக்கு."

"சட்னிக்கு ஒண்ணுதான காஸ்டிங்?"

"ஒண்ணு அழுகல்."

"அப்ப வேஸ்டேஜ் அம்பது பர்சென்ட்! எங்க கம்பெனியில மூணுக்கு மேல போனா பையர் ஆர்டரையே தூக்கிருவான், தெரியுமா?"

"தூக்கட்டும். நாளையிலருந்து நீங்க அந்தப் பையர் வீட்டுலயே போயி சாப்பிடுங்க."

ஜோதிகா சிரித்துவிடும். சிரிப்புக்குத் தலைப்பு இல்லாததால் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும். திருப்பூர் வாரக் கணக்கில் வாழ்கிற ஊர். கூலி வாரத்துக்கு, கடன் வாரத்துக்கு, சண்டைகூட சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. காசிமாயன் மட்டும் மாதக் கணக்கு. அவருக்கு மாதச் சம்பளம்; ஆப்பும் மாதத்தைத்தான் கேட்டது. ஆகவே செல்லத்தாயின் வாரக்கூலியை நாலால் பெருக்கி, 'மாத வரவு' என்று ஒரு தடவை கட்டத்தில் போட்டார். போட்டவர் பூட்டும் போட்டார், யாரும் தெரியாமல் கையை வைத்துவிடக் கூடாதென்று. செல்லத்தாய் ஒவ்வொரு சனிக்கிழமையும் கவரைக் கொடுப்பார். நாலாவது கவரில் கட்டம் பச்சையாகிவிடும். பச்சையான கட்டத்தைக் காசிமாயன் மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கப்புறம் அந்த மாதத்தில் அந்தக் கட்டத்தைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை.

காம்பவுண்டின் சொந்தக்காரர் சாரதாமணி அம்மா. பின்னாலேயே வீடு. வாசலில் பெரிய கருவேப்பிலை மரம். குடியிருப்பவர்கள் எல்லாரும் போகிறபோது வருகிறபோது ஒடித்துக்கொள்வோம். ஒரு மாதம் வாடகை கொடுக்கப் போன காசிமாயன், வாடகைக்கு மேல் முப்பத்தாறு ரூபாயை எண்ணி வைத்தார்.

"இது எதுக்குங்க சேத்தி வெக்கறீங்க?"

"கருவேப்பிலைக்கும்மா. மார்க்கெட் ரேட்டு."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, நாங்க கருவேப்பிலை ஏவாரமுங்களா பண்றோம்? எடுத்துட்டுப் போங்க சாமி. நாளைக்கு உங்க ஊட்டுப் பக்கம் பாத்து நான் சிரிச்சுப் போட்டேன்னா, அதுக்கும் ஒரு வெல போட்டுக் கொண்டாந்து குடுப்பீங்களாட்ட இருக்குதுங்க!"

காசிமாயன் பணத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கே 'கருவேப்பிலை, சாரதாமணி, முப்பத்தாறு' என்று வரவில் எழுதினார். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தால் மறுநாள் அவர் வாங்கிக் கொடுப்பார். அதற்கடுத்த நாள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கணக்கு நேராக இருக்கிறதே, அதைக் கெடுப்பானேன்? யாருக்கும் பாக்கி வைக்காத மனிதர் என்று அவருக்கே தன்மேல் பெரிய மரியாதை இருந்தது. எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த டீ ஒரு நாளும் இனித்ததில்லை.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற கதைதான். சித்திரை மாதம் பத்திரிகை ஒன்று வந்தது.

செல்லத்தாயின் அண்ணன் மொக்கைச்சாமி தன் மகனுக்குக் காதணி விழா வைத்திருந்தார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு செல்லத்தாய்க்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது அந்த அண்ணன் ஒருவர்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஜோதிகாவுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனாக மேளம் வைத்து, வேன் நிறையச் சீர்த்தட்டு இறக்கி, குழந்தையைத் தன் மடியில் உட்கார வைத்து, அது அலறியபோது தானும் சேர்ந்து கண்ணைக் கசக்கிய மனிதர். காதுக்குத் தங்கத் தோடு போட்டார். மொய்யாகப் பத்தாயிரத்து ஒன்று வைத்தார். அன்றைக்கு அவர் சொந்தமாக ஒரு மாடுகூட இல்லாதவர்.

எங்கள் பக்கத்து மொய் மற்ற ஊர் மொய் மாதிரி இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீங்கள் வைத்ததைப் 'பழசு' என்போம். உங்கள் வீட்டு விசேஷத்தில் பழசைத் திருப்பி வைத்துவிட்டு, அதற்கு மேலே ஒரு 'புதுசு' வைக்க வேண்டும். அந்தப் புதுசை அடுத்த முறை நீங்கள் எனக்குத் திருப்ப வேண்டும், மேலே ஒரு புதுசோடு. இப்படியே யாராவது ஒருவர் பாக்கி நின்றுகொண்டே இருப்போம். பாக்கி நிற்கிறவரைக்கும் போக்குவரத்து. பழசை மட்டும் எண்ணி நேராக வைத்தால், 'உனக்கும் எனக்கும் இத்தோடு சரி' என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள் அப்படி வைப்பார்கள். இதைச் சின்னப் பிள்ளைகூட அறியும். காசிமாயனும் அறிவார். அவர் அறியாமல் செய்தார் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம்.

'விசேஷம்' கட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய், கம்பெனி மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கியதில் போயிருந்தது. "அது செலவில்லண்ணே, முதலீடு" என்றார் என்னிடம். மீதம் பத்தாயிரத்து ஒன்று. மொக்கைச்சாமி வைத்த அதே பத்தாயிரத்து ஒன்று! காசிமாயனுக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா செல்லத்தாயி, சாமியே கணக்குப் போட்டு வச்சிருக்கு. உங்கண்ணன் வச்சது பத்தாயிரத்து ஒண்ணு. கட்டத்துல இருக்கறது பத்தாயிரத்து ஒண்ணு. நேரு!"

"நேரா வச்சா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"அதெல்லாம் அந்தக் காலம். வாங்குனதத் திருப்பிக் குடுக்குறோம், யோக்கியமா. இதுல என்ன தப்பு?"

"புதுசு ஒரு அஞ்சாயிரமாச்சும் வையுங்க. எனக்கு இருக்குறது அவரு ஒருத்தருதான்."

"எந்தத் தலைப்புல வைக்க? நீயே சொல்லு."

"எம் பிள்ளைய மடியில உக்காத்தி வச்சிருந்தாரே, அது எந்தத் தலைப்பு?"

காசிமாயன் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பதுதான் கொடுமை. பிறகு சொன்னார்: "அது சர்வீஸ். சர்வீசுக்கு அவரு பில்லு போடலயே."

செல்லத்தாய் அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, விசேஷத்துக்குக் கிளம்பும்வரை அவரிடம் பேசவே இல்லை. பேசாமலிருப்பதில் செலவு ஒன்றும் ஆகாததால் காசிமாயன் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் எதிர்வீட்டில் சனிக்கிழமைகளில் சத்தம் வராதது என்னவோ போல இருந்தது.

எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். உசிலம்பட்டிக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். மண்டப வாசலில் பெரிய பந்தல். இப்போதெல்லாம் மொய் எழுதுவதும் கம்ப்யூட்டரில்தான். நதியா என்று சுறுசுறுப்பான பெண் ஒருத்தி லேப்டாப்போடு உட்கார்ந்து, பெயரைத் தட்டினால் பழைய கணக்கு திரையில் வருகிறது. பணத்தை வாங்கினால் சீட்டு அச்சாகி வருகிறது. பக்கத்தில் ஒருவர் மைக்கில் அறிவிக்கிறார். மொக்கைச்சாமி கழுத்தில் மாலையோடு மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "மாப்ள, இப்பத்தேன் வாரீகளா? ஏத்தா, பஸ்ல கிறுகிறுப்பு வந்துச்சா? முகமே சரியில்லயே" என்று தங்கச்சியின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

காசிமாயன் நேராக மேஜைக்குப் போனார். பணம் எண்ணித் தயாராக இருந்தது.

"வேலம்பாளையம் காசிமாயன்."

நதியா தட்டினாள். "பழசு பத்தாயிரத்து ஒண்ணு இருக்குண்ணே. புதுசு எம்புட்டு?"

"புதுசு இல்லம்மா. பழசு மட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நிற்கும் மொக்கைச்சாமியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, தாய்மாமன் வச்ச மொய்யிண்ணே. நேரா வச்சா கணக்க முடிச்சதால்ல ஆயிரும். நூத்தியொண்ணாச்சும் புதுசா வையுங்கண்ணே."

"அதெல்லாம் வேணாம்மா. முடிச்சுரு. பாக்கி இல்லாம இருக்குறதுதான் நல்லது" என்றார் காசிமாயன், எல்லாருக்கும் கேட்கும்படி. பாராட்டை எதிர்பார்த்த முகம். மைக்குக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார், ஒரு தடவை தொண்டையைச் செருமினார், வேறு வழியில்லாமல் அறிவித்தார். "வேலம்பாளையம் காசிமாயன், பழசு பத்தாயிரத்து ஒண்ணு." அதோடு நிறுத்தினார். பந்தலில் பேச்சு குறைந்தது. யாரோ ஒரு பெரியம்மா, "என்னடி சண்டை இவுகளுக்குள்ள?" என்று பக்கத்தில் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

மொக்கைச்சாமி காசிமாயனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க. இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றார். மாப்ள என்ற சொல் அதில் இல்லை. ஊர்பேர் தெரியாத விருந்தாளிக்குச் சொல்வதைத்தான் சொன்னார். காசிமாயன் போனை எடுத்து விசேஷக் கட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் அவரை ஓங்கி அறையலாம் போல எனக்கு வந்தது. செலவில்லாத காரியம்தான்.

அப்போது செல்லத்தாய் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எம்பேரையும் ஏத்துத்தா."

"உங்க வீட்டுக்காரரு பேருல ஏத்தியாச்சேக்கா."

"அது அவரு கணக்கு. நான் எனக்குச் சொல்றேன். வேலம்பாளையம் செல்லத்தாய். பழசு ஒண்ணும் இல்ல. புதுசு பத்தாயிரத்து ஒண்ணு."

கைப்பையிலிருந்து நாலு சம்பளக் கவர்களை எடுத்து வைத்தார். நாலிலும் கம்பெனியில் அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. நதியா ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணி, மேலே இருந்த மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மைக்குக்காரருக்குத் தொண்டை திறந்துவிட்டது. "வேலம்பாளையம் செல்லத்தாய்! மொக்கைச்சாமிக்குத் தங்கச்சி! புதுசு பத்தாயிரத்து ஒண்ணு!" மொக்கைச்சாமி மாலையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். "ஏத்தா, உனக்கு எதுக்குத்தா இது..." என்று ஆரம்பித்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜோதிகா பின்னாலேயே ஓடியது. காசிமாயன் அங்கேயே நின்றார். அவர் உதடு அசைந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கூட்டிப் பார்க்கிறார், கழித்துப் பார்க்கிறார், வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பின் சீட்டில் இருந்தேன். திண்டுக்கல் தாண்டும்வரை தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்தப் பணம் ஏது?"

"எங் கூலி."

"கூலிதான் மாசாமாசம் வந்துருதே. கட்டம் பச்சையாத்தான இருக்கு?"

"மாசத்துக்கு நாலு வாரம்னு எழுதி வச்சது நீங்கதான. சில மாசம் அஞ்சு சனிக்கிழமை வருது. அஞ்சாவதுக்கு நீங்க கேக்கல, நானும் குடுக்கல."

காசிமாயன் போனில் காலண்டரைத் திறந்தார். விரலால் சனிக்கிழமைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதை நான் சீட் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு தடவை எண்ணி நம்பாமல் மறுபடி எண்ணினார். நாற்பது பைசாவுக்குப் பையரிடம் மூன்று நாள் மல்லுக்கட்டுகிறவர் வருடத்துக்கு நாலு வாரத்தை மொத்தமாகக் கோட்டை விட்டிருக்கிறார். அவருக்கு மச்சானோடு உறவு போனதில் வராத வேர்வை அப்போது வந்தது. வாழ்க்கையில் நான் செய்த பஸ் பயணங்களிலேயே அதுதான் சுகமான பயணம்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து, நாலை அழித்துவிட்டு நாலே கால், நாலரை என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார். பிரயோஜனமில்லை. செல்லத்தாய் அந்த வாரத்திலிருந்து கவரைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வேண்டியதைத் தானே வாங்கினார். தேங்காய் மூன்றுகூட வந்தது. சனிக்கிழமை ஆடிட்டிங்கில் காசிமாயன் தனியாக உட்கார்ந்து தன் டீயையும் பெட்ரோலையும் தானே கேள்வி கேட்டுக்கொண்டார்.

தை மாதம் மொக்கைச்சாமி புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்தார். பத்திரிகை வந்தது. எல்லார் விலாசமும் அந்த மொய்க் கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்து ஒட்டினதாம். எனக்கு வந்த உறைமேல் என் பெயர். எதிர்வீட்டுக்கு வந்த உறைமேல் 'செல்லத்தாய், வேலம்பாளையம்'. காசிமாயன் உறையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உதறினார். கம்ப்யூட்டரும் அவரை மாதிரியேதான். முடிந்த கணக்கை அது மறுபடி திறப்பதில்லை.

"பஸ்ஸுக்கு எத்தன டிக்கெட் போடப் போற?" என்று கேட்டார், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

"ரெண்டு. எனக்கு ஒண்ணு, ஜோதிகாவுக்கு ஒண்ணு."

"அப்ப நான்?"

செல்லத்தாய் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "உங்கள எந்தத் தலைப்புல எழுத?"

நான் வேடிக்கை பார்க்கத்தான் வாசலில் நின்றேன். சிரிக்கத் தயாராகவும் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் பதில் தேடிய விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. புருஷன் என்ற தலைப்பு அந்த ஆப்பில் இல்லை. மச்சான், மாப்பிள்ளை, அப்பா, எதுவும் இல்லை; பதினான்கில் ஒன்றில்கூட அவர் பொருந்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இதரன்னு போட்டுக்க."

செல்லத்தாய் கடைசித் துணியை மடித்து அடுக்கினார். "பாக்குறேன். மாசக் கடைசியில மிச்சம் இருந்தா" என்றார்.

சரி, காசிமாயனை விடுங்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டாயிரத்தில் அந்தக் கடிகாரத்தைக் கழித்தால் பத்தாயிரத்து ஒன்று வருகிறதா என்று மேலே படிக்கும்போதே மனத்துக்குள் சரிபார்த்தீர்கள், இல்லையா? தக்காளிக்கு ஐந்து கிலோ, எட்டு ரூபாய் என்றதும் நாற்பது என்று என்னை முந்திக்கொண்டு வந்தது யார்? போகட்டும். 'வாங்கினதை வாங்கினபடி யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்தார், இதில் என்ன பெரிய தப்பு' என்று மொய் மேஜைக்கு முன்னால் நீங்களும் ஒரு நிமிஷம் அவர் பக்கம் நின்றீர்கள். எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். போனை எடுக்க வேண்டாம், அது பச்சையாகத்தான் இருக்கும். அடுத்த பத்திரிகை வரும்போது மட்டும், பிரிப்பதற்கு முன்னால், உறைமேல் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.